மேல்வீட்டுக்கு விட்ட கம்பி

உரும்பிராய்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய அறிக்கையைச் சந்திக் கடையில் அச்செடுத்து வாசித்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கடைக்காரப் பெடியன் காசு வாங்குவதால் பின்னிணைப்பை மட்டும் விட்டுவிட்டேன், குறை நினைக்காதே. போனில் வாசிக்கப் பார்த்தால் எழுத்து எறும்பு மாதிரி ஓடுகிறது. கண்ணாடியை மாற்றச் சொல்லி அம்மா தினமும் பேசுகிறா. அது வேறு கதை.

14ஆம் பக்கத்து அட்டவணையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நாடு, பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய ஆண்டு, அதற்கு முந்திய வளர்ச்சி, பிந்திய வளர்ச்சி என்று நாலு நிரல். இலங்கைக்கு நேரே 1977, 2.9, 6 என்று போட்டிருக்கிறாய். பிழை இல்லை. 1970 முதல் 77 வரை சராசரி 2.9 வீதம், பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட மறு வருடமே, 1978இல், 8.2, பிறகு நாலைந்து வருடம் 6ஐ ஒட்டி. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்த காலத்தில் மத்திய வங்கி அறிக்கைகளில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அட்டவணைக்குக் கீழே நீ கையால் எழுதியிருந்த கேள்விதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. “அப்பா, 77 உங்களுக்கு நல்லதா கெட்டதா? ஒரு வரியில் சொல்லுங்கோ.”

ஒரு வரியில் வராது பிள்ளை. ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மொட்டைமாடியில் நின்று கேட்பாய், இந்தக் கம்பிகள் ஏன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்று. மேல்வீடு கட்ட விட்டது என்பேன். எப்போது கட்டுவோம் என்பாய். அதற்கு நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் கீழே இறங்கிவிடுவேன். அந்தக் கம்பிகள் 1976இல் விட்டவை. செத்தல் மிளகாய்க் காசில் விட்டவை.

1970இல் வந்த ஸ்ரீமாவோ அரசாங்கத்தின் கையில் டொலர் இல்லை. தேயிலை விற்று வருகிற காசு அரிசிக்கும் மாவுக்குமே போதவில்லை. போதாக்குறைக்கு 73இல் எண்ணெய் விலை பாய்ந்தது. இறக்குமதியை ஒவ்வொன்றாக இறுக்கினார்கள். மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது ஏறக்குறைய நின்றே போனது. நாடு முழுக்கக் குழம்புக்குத் தூள் வேண்டும், தூளுக்குச் செத்தல் வேண்டும், செத்தல் எங்கள் செம்மண்ணில் விளைகிறது. உன் அப்பப்பாவிடம், அதுதான் என் ஐயாவிடம், இருந்தது எட்டுப் பரப்பு, உன் கணக்கில் அரை ஏக்கர். துலா மிதித்து இறைத்த கிணற்றை வெடி வைத்து ஆழப்படுத்தி, இறைப்பு மெசின் பூட்டி, எட்டுப் பரப்பிலும் மிளகாய் வைத்தார். பெரியத்தையின் கலியாணம், இந்தக் கல்வீடு, என் ராலி சைக்கிள் எல்லாம் அந்த எட்டுப் பரப்பிலிருந்து வந்தவை.

முற்றத்தில் பாய் விரித்துப் பழத்தைக் காயப்போட்டால் தெருவால் போகிறவர் தும்மாமல் போக முடியாது. பின்னேரம் குவித்துச் சாக்கால் மூடி, காலையில் திரும்பப் பரப்பி, உள்ளே விதை கலகலவென்று குலுங்கும் வரைக்கும் வெயில் காட்ட வேண்டும். சாக்கில் அடையும்போது ஐயா உள்ளே இறங்கிக் காலால் மிதிப்பார். இரவில் காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருப்பார். எரிவு தாங்காமல் கண்ணில் நீர் வரும். ஆனால் அந்த நாலைந்து வருடம் அவர் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. அந்தர் கணக்கில் லொறியில் ஏறிக் கொழும்பு புறக்கோட்டைக்குப் போகும். ஒரு கிழமையில் காசு வரும்.

நான் ஏ.எல். எடுத்தது, கம்பஸ் அனுமதிக்கு எங்கள் பெடியளிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்த காலம். என்னைப் போலக் கம்பஸ் கிடைக்காத பெடியள் எத்தனையோ பேர் விசுவமடு, முத்தையன்கட்டு என்று வன்னிக்குப் போய்க் காணி எடுத்து மிளகாய் போட்டார்கள். கிளாக்கர் உத்தியோகம் பார்த்தவனைவிட அவர்கள் கையில் காசு புழங்கியது. அரசாங்கம் ஒரு கதவை அடைத்தபோது, அதே அரசாங்கத்தின் இறக்குமதித் தடை எங்களுக்கு வேறொரு கதவைத் திறந்துவிட்டிருந்தது. அந்த நேரம் அதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. ஸ்ரீமாவோ அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே அதன் விலையில் வீடு கட்டினோம்.

சரி, இனி வருவதை எழுதாமல் விட்டால் நான் பொய்யன். அந்த விலையை யார் கொடுத்தார்கள்? பாணுக்கு விடிய நாலு மணிக்கே வரிசையில் நின்றவர்கள் கொடுத்தார்கள். எல்லாருக்கும் மேலாக மலையகத்தில் தேயிலை பிடுங்கியவர்கள் கொடுத்தார்கள். கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசியும் மாவும் வெட்டுப்பட்டு, சாமான் விலை ஏற, 1974இல் தோட்டங்களில் சாவு வீதம் எப்படிக் கூடியது என்பது அரசாங்கப் புள்ளிவிவரத்திலேயே இருக்கிறது. பசி தாங்காமல் குடும்பம் குடும்பமாக வன்னிக்கு இறங்கி வந்தார்கள். விசுவமடுவில் என் சிநேகிதனின் தோட்டத்தில் மிளகாய் பிடுங்கியது அப்படி வந்த ஒரு குடும்பம். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை வரும் வழியில் செத்துப்போனதாகத் தாய் ஒருநாள் சொன்னா, வரம்பில் உட்கார்ந்து, பழத்தைத் தரம் பிரித்துக்கொண்டே. நானும் பக்கத்தில் இருந்து தரம் பிரித்தேன். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே மூடிய பொருளாதாரம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்கு அது நல்ல காலம். அவ்வளவுதான்.

அப்புறம் 77 ஆடித் தேர்தல். ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் கட்சி 168 இடத்தில் 140ஐ அள்ளியது. நாங்கள் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு வோட்டுப் போட்டோம், தனிநாட்டுக்கு. மிளகாய் விலையைப் பற்றி யாரும் மேடையில் பேசவில்லை. ஆவணியில் தெற்கில் கலவரம். கார்த்திகையில் நிதியமைச்சர் ரொனி டி மெல் வரவுசெலவுத் திட்டத்தை வைத்தார். இரண்டு விதமாக இருந்த நாணய மாற்று விகிதத்தை ஒன்றாக்கி, டொலருக்கு 16 ரூபா என்று மிதக்கவிட்டார்கள். இறக்குமதி அனுமதிப்பத்திரம் பெரும்பாலான சாமான்களுக்கு இல்லாமல் போய், அதற்குப் பதிலாகச் சுங்கத் தீர்வை வந்தது. விலைக் கட்டுப்பாடு போனது. வெளிநாட்டு முதலுக்குக் கதவு திறந்தது. தெற்காசியாவில் இதை முதலில் செய்த நாடு நாங்கள்தான். இந்தியா அந்த வழிக்கு வர 1991 ஆயிற்று. உன் அட்டவணையில் “1977” என்ற நாலு இலக்கத்துக்குள் இருப்பது இதெல்லாம்.

நாங்களோ 78இலும் வழக்கம்போலத் தையில் கன்று நட்டோம். போன வருட விலையை மனதில் வைத்து, கடன் எடுத்து. வைகாசி, ஆனியில் பழம் குவிந்தது. முதல் லொறி போயிற்று. இரண்டாவது லொறிக்கு மூட்டை கட்டி வைத்திருந்தபோது கொழும்பு முதலாளியிடமிருந்து தந்தி வந்தது. தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நின்றார், தந்தி என்றால் சாவு என்றுதானே அந்தக் காலம். ஐயா வாங்கவில்லை, என்னை வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை. “அனுப்ப வேண்டாம்.”

கப்பலில் செத்தல் வந்து இறங்கியிருந்தது. சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனோம். எல்லாரும் அங்கேதான் கொண்டுவந்திருந்தார்கள். அரைவிலைக்கும் கேட்க ஆளில்லை. பின்னேரம் அதே மாட்டுவண்டியில் அதே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தோம். ஐயா வண்டியில் ஏறவில்லை, பின்னால் நடந்து வந்தார்.

இங்கே நீ என்னை மடக்குவாய் என்று தெரியும். ரூபாவின் மதிப்பு இறங்கினால் இறக்குமதிச் செத்தலுக்கும் விலை ஏற வேண்டுமே, அது உங்களுக்கு வாசிதானே என்பாய். நானும் பிற்காலத்தில் இதை யோசித்துப் பார்த்தேன். தீர்வை போட்டுத் தடுத்தால் வெளி விலையோடு தீர்வையைக் கூட்டி உள்ளூர் விலையைச் சொல்லிவிடலாம். ஆனால் சாமானே வரக்கூடாது என்று அடைத்தால், உள்ளே விலை எவ்வளவு தூரமும் போகும், வெளி விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் போய்விடும். எங்கள் விலை அப்படி ஏறிய விலை. அந்த இடைவெளியை ரூபா இறக்கத்தால் நிரப்ப முடியவில்லை. ஆனால் உரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் கிருமிநாசினிக்கும் ரூபா இறக்கம் முழுதாக வந்து சேர்ந்தது. விற்கிற சாமான் விலை கீழே, வாங்குகிற சாமான் விலை மேலே. இரண்டுக்கும் நடுவில் ஐயா.

கிணற்றுக்கும் மெசினுக்கும் எடுத்த கடனுக்கு ஒரு வங்கியிலிருந்து கடிதம் வரத் தொடங்கியது. தவணை தள்ளித் தாருங்கோ என்று கேட்கப் போன ஐயாவை ஒரு காலை முழுக்க வாங்கில் இருத்திவிட்டு, மனேச்சர் சாப்பிடப் போய்விட்டார். அப்பம்மாவின் தாலிக்கொடி அடைவுக்குப் போனது. திரும்பி வரவில்லை. மேல்வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த சீமெந்துப் பைகளை விற்றோம். கம்பியை மட்டும் விற்க முடியவில்லை, அது தூணுக்குள் இருந்தது.

அம்மாவிடம் கேட்டால் வேறு கதை சொல்லுவா. இதை எழுதும்போதே பின்னால் நின்று, “பாண் கியூ போனதையும் எழுதுங்கோ” என்கிறா. உண்மை. 78இல் கடைகளில் சாமான் வந்து குவிந்ததை நீங்கள் நினைத்தும் பார்க்க மாட்டீர்கள். பால்மா, சீத்தைத்துணி, ஜப்பான் ரேடியோ. அம்மா அதுவரை ஒரு மீற்றர் துணிக்காகச் சங்கக்கடையில் அரைநாள் நின்றவ. அவவின் தையல் மெசின் அந்த வருடம்தான் வந்தது, உனக்கு வெள்ளைச் சட்டை தைத்த அதே மெசின். 1973இல் வேலை தேடுகிறவர்களில் நூற்றுக்கு 24 பேர் வேலையில்லாமல் இருந்தார்கள் என்றும், 81/82இல் அது 12க்கும் கீழே வந்தது என்றும் நீ போட்டிருக்கும் கணக்கும் சரிதான். கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பிறகு கிராமத்துப் பெண்பிள்ளைகள் முதல் தடவையாகச் சம்பளக் கடதாசியைக் கையில் வாங்கினார்கள். சில வருடத்தில் உடுப்பு ஏற்றுமதி தேயிலையைத் தாண்டியது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, உரும்பிராய்க்குப் பக்கத்தில் இல்லை. மிளகாய்த் தோட்டத்தில் வேலை போனவனுக்கு உடுப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் என்று கணக்கு சமன்படலாம். போனவன் ஒருத்தன், கிடைத்தவள் வேறொருத்தி. கைத்தறியும் விசைத்தறியும் ஓட்டிய பெண்களுக்கும் இதே கதைதான், வெளிநாட்டுத் துணி வந்ததும் தறி நின்றது. அவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதே.

உன் அறிக்கையில் எனக்கு உறுத்திய இன்னொன்று, அந்த 6 வீதம் முழுவதையும் சீர்திருத்தத்தின் பெயரில் எழுதியிருப்பது. கதவைத் திறந்தவுடன் உள்ளே வந்தது சாமான் மட்டுமில்லை, கடனும் உதவியும் மழைபோல் வந்தன. முப்பது வருடத்தில் செய்ய இருந்த மகாவலித் திட்டத்தை ஆறே வருடத்தில் முடிக்கப் போவதாக ஓடினார்கள். விக்டோரியா அணைக்கு பிரிட்டன், கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலைக்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்கு நீ இருக்கிற கனடா. நாடு முழுக்கக் கொங்கிறீட் கலக்கினால் வளர்ச்சி வரத்தானே செய்யும். 1980இல் வரவுசெலவுப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 20 வீதத்தைத் தாண்டியது. அதே வருடம் பணவீக்கம் 26 வீதம். இதில் ஒரு நுணுக்கம் பார்: 77க்கும் 82க்கும் இடையில் சாமான் விலைகள் ஏறக்குறைய இரட்டித்தன, டொலரோ 16இலிருந்து 21 அளவுக்குத்தான் போயிற்று. உதவிக் காசாக வந்த டொலர் ரூபாவைத் தாங்கிப் பிடித்தது. உள்ளூரில் உற்பத்திச் செலவு இரட்டிப்பு, இறக்குமதி மலிவு. தோட்டக்காரனுக்கு முதல் அடி கதவைத் திறந்தபோது, இரண்டாவது அடி கொங்கிறீட் கலந்தபோது. உங்கள் பாடத்தில் இதற்கு ஏதோ நோயின் பெயர் இருக்கிறது என்று நீதான் ஒருமுறை சொன்னாய். நோய் என்று பெயர் வைத்தவன் நல்ல ஆள்.

79இல் நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராகச் சேர்ந்தேன். அந்த வருடம்தான் கூப்பன் அரிசி நின்று உணவு முத்திரை வந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு, ரூபாக் கணக்கில். அரிசிக்கும் மாவுக்கும் ஒன்று, மண்ணெண்ணெய்க்கு ஒன்று. வந்த முத்திரைகளை எண்ணிக் கட்டுவது என் வேலை. முதல் மாதம் ஒரு கிழவி முத்திரையைத் தந்து சாமான் வாங்கிப் போனதையும், மூன்று வருடம் கழித்து அதே கிழவி அதே பெறுமதி முத்திரையைத் தந்து ஏறக்குறைய அரைவாசிச் சாமானோடு போனதையும் ஒரே மேசையிலிருந்து பார்த்தேன். முத்திரையின் பெறுமதியை விலையோடு சேர்த்து ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமலா இருக்கும்? தோன்றியிருக்கும். பற்றாக்குறையைக் குறைக்க அதைவிடச் சத்தமில்லாத வழி வேறு இல்லை. கிழவி என்னோடுதான் சண்டை பிடித்தா, நான்தான் திருடுகிறேன் என்று. 

உன் அட்டவணையில் வியட்நாமும் சீனாவும் இருக்கின்றன. அவற்றோடு எங்களைச் சேர்த்து “திறந்த நாடுகள்” என்று ஒரே கட்டத்தில் போடாதே. சீனா தொடங்கியதும் நாங்கள் மிளகாயைத் திருப்பிக் கொண்டுவந்த அதே 1978இல்தான். ஆனால் அவர்கள் கமத்திலிருந்து தொடங்கினார்கள். கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக் கொடுத்து, அரசுக்குக் கொடுக்க வேண்டியது போக மிச்சம் உனக்கு என்றார்கள். வியட்நாம் 86இல் அறிவித்து, 88இல் நிலத்தைக் குடும்பங்களின் கையில் கொடுத்தது. அரிசிக்கு வெளியே கையேந்திய நாடு 89இல் அரிசி ஏற்றுமதி செய்தது. அங்கே சீர்திருத்தம் முதலில் போய்த் தட்டிய கதவு விவசாயியின் கதவு, காசோடு போய்த் தட்டியது. இங்கே முதலில் வந்தது தந்தி. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் என்ன வரும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

திறந்திருக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எழுதிவிடாதே. திறக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மலையகத்துப் பிள்ளைகள் இன்னும் செத்திருப்பார்கள். மூன்று வருடம், நாலு வருடம் என்று தீர்வையைப் படிப்படியாகக் குறைத்து, இன்ன வருடம் இன்ன தீர்வை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஐயா எட்டுப் பரப்பிலும் மிளகாய் வைத்திருக்க மாட்டார். புகையிலை, வாழை என்று மாறியிருப்பார். கெட்டிக்காரன். கன்று நட்ட பிறகு விலை விழுந்ததுதான் அவரை உடைத்தது. இப்போது பார், அறுவடைக் காலத்தில் இறக்குமதி உருளைக்கிழங்குக்கும் பெரிய வெங்காயத்துக்கும் விசேட வரியை ஏற்றுகிறார்கள், பிறகு இறக்குகிறார்கள். அதிலும் ஆயிரம் கள்ளம் உண்டு, வரி மாறுவது முதலாளிமாருக்கு முதல்நாளே தெரிந்துவிடுகிறது என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். என்றாலும் நடுகிற நேரம், பிடுங்குகிற நேரம் என்று இரண்டு உண்டு என்பதாவது கொழும்பில் யாருக்கோ தெரிந்திருக்கிறது.

இதனால்தான் சண்டை வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி நேர்கோடு போடாதே. கலவரங்கள், 81இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 83 ஆடிக் கலவரம், இவையெல்லாம் மிளகாய் விலையால் வந்தவை அல்ல. ஆனால் ஒன்று சொல்லலாம். கம்பஸ் கிடைக்காமல் வன்னிக்குப் போய்த் தோட்டம் செய்த பெடியளுக்கு அந்தத் தோட்டமும் கட்டுபடியாகாமல் போனபோது, கையில் நேரம் நிறைய இருந்தது. விசுவமடுவில் இருந்த எங்கள் நாலு பேரில் ஒருவன் சவூதிக்குப் போனான், ஒருவன் பாரிசுக்குப் போனான், ஒருவன் இயக்கத்துக்குப் போனான். நான் சங்கத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் அதைப் பொருளாதாரமாக நீ நினைத்திருக்க மாட்டாய். நீ பிறந்த 1990இல்தான் எங்கள் பகுதிக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. பெற்றோல், சீமெந்து, உரம், பற்றறி, ஒன்றும் வராது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து நீ படிக்கத் தொடங்கினாய். செய்தி கேட்க நான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியை மிதிப்பேன், டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் போகும், நீ மடியிலிருந்து சில்லைப் பார்த்துக்கொண்டிருப்பாய். தெற்காசியாவிலேயே முதலில் திறந்த நாட்டில், ஒருவேளை உலகத்திலேயே இறுக்கமாக மூடிய ஒரு மூலையில் நாங்கள் இருந்தோம். அந்த வருடங்களிலும் நாட்டுக்கு வளர்ச்சி வீதம் என்று ஒன்று போட்டிருப்பாய், 5 சொச்சம் என்று. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 95 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பக்கம் சனக் கூட்டத்துக்குள் உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேனே, அந்த வருடத்துக்கும் ஒரு வீதம் இருக்கும். திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் இல்லை. கம்பிகள் நின்றன.

இப்போதைய கதையும் கொஞ்சம். 2020இல் டொலரை மிச்சம் பிடிக்க மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். விலை எங்கேயோ போனது, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தங்கம் கடத்துவதுபோல் மஞ்சளைக் கடத்தினார்கள். பக்கத்து வளவுத் தம்பி மஞ்சள் நட வந்து என்னிடம் யோசனை கேட்டான். நடு, ஆனால் வீடு கட்டாதே என்றேன். 21இல் ஒரே நாளில் இரசாயன உரத்துக்குத் தடை. வெங்காயம் விரலளவு வந்தது. கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், ஆனால் எடுத்த பிறகும் உரம் வாங்க நாட்டில் டொலர் இல்லை. 22 சித்திரையில் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது அரசாங்கம். 23 பங்குனியில் சர்வதேச நாணய நிதியம் 3 பில்லியனுக்கு ஒத்துக்கொண்டது. நாலு வருடத் திட்டம். கரண்ட் கட்டணம் ஏறியது, வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதம் ஆயிற்று. திரும்பவும் சீர்திருத்தம் என்ற சொல் ரேடியோவில்.

எனக்கு இதில் கோபம் இல்லை என்றால் ஆச்சரியப்படுவாய். கரண்டை நட்டத்துக்கு விற்க முடியாது, 2019 கடைசியில் வற் வரியை 8க்கு இறக்கியதே பைத்தியக்கார வேலை. 24இல் 5 வீதம் வளர்ந்ததாகச் சொல்கிறார்கள், இருக்கும். ஆனால் இறைப்பு மெசினுக்குக் கரண்ட் பில் வரும்போது, எங்கள் தோட்டத்துத் தம்பி தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுகிறான். அவனும் அஸ்வெசும உதவித்தொகைக்கு எழுதிப் போட்டான். காணி இருக்கிறது என்று தட்டிவிட்டார்கள். காணி என்னுடையது. அவன் குத்தகைக்குச் செய்கிறான். மாவட்டக் கச்சேரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முத்திரைக் கிழவியின் ஞாபகம் வந்தது.

உன் அறிக்கை ஏப்ரலில் போக வேண்டும் என்றாய். 14ஆம் பக்கத்தை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை, உன் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். இலங்கை என்ற அந்த ஒரு வரியைக் கட்டுநாயக்கா, மலையகம், வடக்கு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க உன்னிடம் எண் இருக்குமா? மத்திய வங்கியின் 73, 78/79, 81/82 நுகர்வோர் நிதி ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றில் பிரதேசம் பிரதேசமாக வருமானம் இருக்கும். சங்கத்தில் ஒரு பிரதி இருந்தது, 95க்குப் பிறகு அலுமாரியையே காணவில்லை. ரொறன்ரோ நூலகத்தில் எப்படியும் கிடைக்கும். அது கிடைத்தால் அச்செடுத்து அனுப்பு, பின்னிணைப்போடு. காசு நான் கொடுக்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய் என்று தங்கச்சி சொன்னாள். நீ அனுப்பிய காசில் மொட்டைமாடிக்குத் தகரம் போடப் போகிறோம், வெயில் கீழே இறங்கி அம்மாவுக்குத் தலையிடி. மேசன் வந்து பார்த்துவிட்டு, கம்பிகளை அறுத்தால்தான் தகரம் இருத்தலாம், உள்ளே துருப்பிடித்துத் தூணும் வெடிக்கத் தொடங்கிவிட்டது என்றான். ஒரு கிழமை தவணை கேட்டிருக்கிறேன். அம்மா அதற்குள் கொடிக்கயிறு கட்ட வேறு இடம் பார்த்துவிட்டா, கிணற்றடிப் பக்கம்.

அன்புடன்,
அப்பா